சர்க்கரை ஆலைக்குக் கரும்பு, சேவைத் தொழிலுக்கு எது? (பிளஸ் டூ புவியியல் சந்தேகம்)

செம்பருத்தி:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பொருளாதாரப் புவியியலில் முதல் நிலை, இரண்டாம் நிலைத் தொழில் வரைக்கும் வண்டி நன்றாக ஓடியது. கரும்பு வெட்டியதும் காய ஆரம்பிக்கும், பத்து டன் கரும்பில் ஒரு டன் சர்க்கரைதான் வரும், அதனால் ஆலை கரும்புக்காட்டுப் பக்கமே இருக்க வேண்டும் என்று சொல்லி, திருவலம் பக்கத்து அம்முண்டி ஆலையைக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலுக்குப் பாலாற்றுத் தண்ணீரைச் சொன்னேன், அதுவும் புரிந்தது.

மூன்றாம் நிலையான சேவைத் தொழிலுக்கு வந்ததும் ஒரு பெண் எழுந்து இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்று, பரோட்டா மாஸ்டர், பஸ் டிரைவர், டாக்டர், பேங்க் மேனேஜர் எல்லோரையும் ஒரே டப்பாவில் போட்டு என்ன பிரயோஜனம் மிஸ்? இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். ஆலைக்குக் கரும்பு மாதிரி, இந்தத் தொழில்களை ஓர் இடத்தில் இழுத்துப் பிடித்து வைப்பது எது? "மக்கள் எங்கே அதிகமோ அங்கே சேவை" என்று பாடத்தில் இருப்பதையே சொன்னேன். "அப்படியென்றால் வேலூரைவிடப் பெரிய ஊர் எத்தனையோ இருக்கிறதே, வங்காளத்திலிருந்து ஆட்கள் வைத்தியத்துக்கு ஏன் வேலூருக்கு வருகிறார்கள்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது.

புத்தகத்தில் இருப்பதைத் திரும்பச் சொல்ல வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் நீங்களே பார்த்ததை வைத்து யாராவது சொன்னால் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.


மேப் வாத்தியார்:

அம்மா, அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். 31 வருஷம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட பிள்ளைகள் மிகக் குறைவு.

முதலில் அந்த டப்பா. 1935-ல் ஆலன் ஃபிஷர், 1940-ல் காலின் கிளார்க் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த மூன்று நிலைப் பிரிவைப் பரப்பினார்கள். மண்ணிலிருந்து எடுப்பது, எடுத்ததைச் செய்பொருளாக்குவது என்று இரண்டைப் பிரித்த பிறகு மிச்சம் இருந்த எல்லாம் மூன்றாவதில் விழுந்தன. எதிலும் சேராதவை எல்லாம் சேர்ந்த டப்பா அது. பிறகுதான் அதற்குள்ளேயே பிரிக்க வேண்டியதாயிற்று. அறிவையும் தகவலையும் கையாளும் வேலையை நான்காம் நிலை என்று 1961-ல் ஜான் காட்மன் தனியாக எடுத்தார், உயர்மட்டத்தில் முடிவெடுப்பவர்களுக்கான ஐந்தாம் நிலை அதற்கும் பிறகு வந்தது. ஆக, உங்கள் மாணவி கேட்டதை அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள்.

இந்தியக் கணக்கைப் பார்த்தாலும் இந்த டப்பாவின் கோளாறு தெரியும். நாட்டு மொத்த உற்பத்தி மதிப்பில் சேவைத் துறைக்குப் பாதிக்கு மேல் பங்கு, ஆனால் வேலை பார்ப்பவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் அதில். பெரிய சம்பளம் வாங்கும் சின்னக் கூட்டமும் அன்றாடக் கூலிக்கு ஓடும் பெரிய கூட்டமும் ஒரே தலைப்பில் கிடக்கின்றன. சராசரி எடுத்தால் இரண்டு பேர் முகமும் தெரியாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சேவையை மூட்டை கட்டிக் குடோனில் அடுக்க முடியாது. காலை 8 மணி பஸ்ஸில் காலியாகப் போன சீட் போனதுதான், சாயங்காலம் எடுத்து விற்க முடியாது. முடிவெட்டுபவரும் தலையும் ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் சந்தித்தாக வேண்டும். அதனால் சரக்கு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி போய், சேவை கொடுப்பவரும் பெறுபவரும் எங்கே சந்திக்க முடியும் என்பதே கேள்வியாகிறது. வால்டர் கிறிஸ்டாலர் 1933-ல் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை வைத்து இதைத்தான் யோசித்தார். ஒரு கடை தாக்குப்பிடிக்க எத்தனை பேர் வர வேண்டும், அந்தக் கடைக்காக ஒருவர் எத்தனை தூரம் நடப்பார், இந்த இரண்டு அளவுதான் அவருக்கு அடிப்படை. டீக்கடைக்கு ஐம்பது வீடு போதும், நகைக்கடைக்கு ஐம்பது ஊர் வேண்டும். அதனால் உங்கள் பக்கத்துக் கிராமத்தில் டீக்கடை, குடியாத்தத்தில் நகைக்கடை, வேலூரில் நரம்பியல் மருத்துவர் என்று படிப்படியாக ஏறும்.

ஒவ்வொரு ஊரின் வாடிக்கை எல்லையைக் காட்டக் கிறிஸ்டாலர் போட்ட அறுகோணத்தைக் கரும்பலகையில் வரைவதற்கு முன்னால் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். ஒரு கடைக்காரரிடம் போய், உங்களிடம் வருபவர்களில் ரொம்பத் தூரத்து ஊர் எது என்று கேட்டு மேப்பில் குண்டூசி குத்தி நூல் கட்டச் சொல்லுங்கள். நான் வருஷா வருஷம் செய்தது இது.


லாட்ஜ் சாவி:

வேலூர் பெயர் வந்ததால் எழுதுகிறேன். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் 14 அறை உள்ள சின்ன லாட்ஜ் எங்களுடையது, அப்பா காலத்திலிருந்து. வாத்தியார் சார் சொன்ன படிக்கணக்கு சரிதான், ஆனால் வேலூர் அதில் அடங்காது. ஹவுராவிலிருந்து சென்னைக்கே 1,660 கிலோமீட்டர், அதற்கு மேல் வேலூருக்கு இறங்கும் ஸ்டேஷனான காட்பாடிக்கு 130. வழியில் எத்தனை பெரிய நகரம், எத்தனை பெரிய ஆஸ்பத்திரி! அத்தனையும் தாண்டித்தான் வருகிறார்கள். தூரம் கூடக் கூட ஆள் குறையும் என்ற கணக்கு எங்கள் தெருவில் எடுபடாது.

ஆரம்பம் என்று பார்த்தால் 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்த ஒரே ஒரு படுக்கை. அவருடைய அப்பா அம்மா மிஷனரிகள், இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள், அதனால் வேலூர். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க மக்கள்தொகையோ மூலப்பொருளோ காரணம் கிடையாது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது, படித்துப் போனவர்கள் நாடு முழுக்க மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார்கள், அவர்கள் தங்களால் முடியாத கேஸை எங்கே அனுப்புவார்கள்? தாங்கள் படித்த இடத்துக்குத்தான். அப்படிப் போய்க் குணமாகித் திரும்பியவர் ஊரில் சொன்னார், அவர் சித்தப்பா வந்தார். எங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் இப்படி வந்தவர்கள். ஒரே ஊரிலிருந்து மூன்று தலைமுறையாக எங்கள் லாட்ஜுக்கே வரும் குடும்பம் இருக்கிறது.

இனி தெருவைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைக்க, ரிப்போர்ட் வர என்று வாரக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால் ஓட்டலில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது, அதனால் அறைக்குள்ளேயே சமையல் மேடை வைத்திருக்கிறோம். அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்கு விடும் கடை ஒன்று. கடுகெண்ணெயும் பொரியும் விற்கும் மளிகைக் கடை ஒன்று. மீன் கடையில் வஞ்சிரத்தைவிட ரோகு அதிகம் வெட்டுகிறார்கள். ரயில் டிக்கெட் எடுத்துத் தருபவர், ஊரிலிருந்து பணம் வாங்கித் தருபவர், டாக்டர் எழுதியதை வங்காளத்தில் சொல்லித் தருபவர், இவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு ஆஸ்பத்திரிதான் கரும்புக்காடு. நான் வங்காளம் பேசக் கற்றுக்கொண்டது வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும், வங்கதேசத்துப் பாஸ்போர்ட்டைப் பார்த்து அதை இரவு இரண்டு மணிக்குக்கூட உட்கார்ந்து தட்டியிருக்கிறேன்.

ஒன்றை நம்பி நிற்பதில் உள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ளட்டும். 2020 மார்ச்சில் ரயில் நின்றபோது வந்தவர்கள் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள், எங்கள் அறைகளில் இருந்தவர்களும் அதில் போனார்கள். அதற்கப்புறம் பல மாதம் தெருவே இருட்டு. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா குறைந்தபோது மறுபடியும் பாதி அறை காலி. எங்கள் லாட்ஜில் எந்தத் தப்பும் நடக்கவில்லை, எல்லையில் நடந்தது எங்கள் சாவிக்கொத்தில் தெரிந்தது.


போர்வண்டி 34:

லாட்ஜ் அண்ணா சொல்வது ஆள் சேவையைத் தேடி வருவது. எங்கள் ஊரில் சேவை ஆளைத் தேடிப் போகும், அதுவும் ராஜஸ்தான் வரைக்கும்.

நான் திருச்செங்கோடு. 12 வருஷம் போர்வெல் வண்டியில் மேனேஜராக ஓடியவன், இப்போது ஊரில் இருக்கிறேன். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், தெலுங்கானா, கர்நாடகா, எந்தக் காட்டுக்குள் போனாலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியைப் பார்த்தால் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவராவது நிற்பார். தண்ணீர் வேண்டியவருக்கு வேலை அவர் நிலத்தில்தான் நடக்க வேண்டும், நிலத்தைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோட்டுக்கு வர முடியாது. அப்படியானால் இந்தத் தொழில் நாடு முழுக்கச் சிதறித்தானே கிடக்க வேண்டும்? ஆனால் முதலாளிகளும் மெக்கானிக்குகளும் பாகம் விற்பவர்களும் இந்த ஒரு ஊரில் குவிந்திருக்கிறோம். டீச்சருடைய மாணவி இதைக் கேட்டால் நன்றாக யோசிப்பாள்.

ஆரம்பம் வறட்சி. கிணறு வெட்டி வெட்டிப் பார்த்துப் பாறை மட்டும் கண்ட பூமி இது. பாறையை உடைக்கத் தெரிந்த கை இங்கே சேர்ந்தது. ரிக் ஒன்று வாங்கத் தனி ஆளால் முடியாது, அதனால் மாமன் மச்சான், பங்காளி, கூடப் படித்தவன் என்று நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்குவோம். வண்டி இரண்டாகத்தான் கிளம்பும், ஒன்று துளை போடும் ரிக், இன்னொன்று ராடும் டீசலும் சமையல் சாமானும் ஏற்றிய சப்போர்ட் வண்டி. கூலி அடிக்கணக்கு, ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும், துளையில் மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப்புக்குத் தனி. கூட வேலை பார்ப்பதில் நிறையப் பேர் வடமாநிலப் பையன்கள்.

சத்தீஸ்கரில் ஒரு தடவை ராத்திரி 11 மணிக்கு 480 அடியில், பாறையை உடைக்கும் ஹேமர் மாட்டிக்கொண்டது. ராடை முன்னே பின்னே ஆட்டிப் பார்த்தோம், வரவில்லை. நான் யாருக்குப் போன் போட்டேன் தெரியுமா? 1,000 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், திருச்செங்கோட்டில் தூங்கிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு. கம்ப்ரசர் சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, காற்றைக் குறை, இவ்வளவு தண்ணீர் விடு, கால் மணி நேரம் பொறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விடியற்காலை ஏறியது. அந்த மனிதர் அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டிருப்பார், ஏனென்றால் மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்காது, வெளிமாநிலத்து வண்டிகள் ஊருக்குத் திரும்பி அவர் பட்டறையில்தான் நிற்கும். இப்படிப்பட்ட காது வேறு ஊரில் கிடைக்காது. பைனான்ஸ்காரருக்கும் அப்படித்தான். மற்ற ஊரில் ரிக்குக்குக் கடன் கேட்டால் இது என்ன வண்டி என்று விழிப்பார்கள், இங்கே வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் கேட்பார்கள்.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தபோது 300 அடியில் தண்ணீர் பார்த்த கிராமங்களில் பிறகு 900, 1,000 அடி இறங்கியும் வெறும் புகையாக வந்தது. அந்த விவசாயி முகத்தைப் பார்த்துக்கொண்டு அடிக்கணக்கில் காசு வாங்குவது கஷ்டமாக இருந்தது. புவியியல் நடத்துபவர்கள் சேவைத் தொழிலை மண்ணோடு சம்பந்தமில்லாத தொழில் என்று சொல்லிவிடாதீர்கள், எங்கள் தொழில் மண்ணுக்கு அடியில் நடக்கிறது.


சால்டரிங் ராடு:

நான் சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் கடையில் வேலை பார்க்கிறேன். வாத்தியார் சாரிடம் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஒரு கடைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்றால் ஒரே மாதிரிக் கடைகள் தள்ளித் தள்ளித்தானே இருக்க வேண்டும், ஆனால் இங்கே ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் ஒரே சரக்கு, தோளோடு தோள் ஒட்டிய கடை, வாடகையும் கொஞ்சநஞ்சம் இல்லை. விட்டுப் போனவர்களில் சிலர் ஆறே மாதத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. ஒரு ஐ.சி. (மின்னணுச் சில்லு) கேட்டு ஆள் வருவார், எங்களிடம் இருக்காது, "உட்காருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பையன் மூன்றாவது கடைக்கு ஓடி எடுத்து வருவான். ராத்திரி கடை சாத்துவதற்குள், எந்தக் கடையில் எதை எடுத்தோம் என்று எழுதிய சீட்டைப் பார்த்து நேர் செய்துகொள்வோம். வந்தவருக்கு எங்கள் கடையில் எல்லாம் கிடைக்கும் என்ற எண்ணம், உண்மையில் தெரு முழுக்கச் சேர்ந்துதான் ஒரு கடை. காஞ்சிபுரத்திலிருந்தோ நெல்லூரிலிருந்தோ வரும் மெக்கானிக், ஒரு பொருள் இல்லாவிட்டாலும் வந்த பஸ் காசு வீண் போகாது என்று தெரிந்துதான் கிளம்புகிறார். புதுப்பேட்டையில் வண்டிப் பாகங்கள், தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி என்று குவிந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான்.


மேப் வாத்தியார்:

தம்பி, ஒத்துப்போகாதது நல்லது. கிறிஸ்டாலர் கணக்கில் ஆள் ஒரு பயணத்துக்கு ஒரு பொருளுக்காகப் பக்கத்துக் கடைக்குப் போவார். விலை விசாரித்து, நாலு கடை ஏறி இறங்கி வாங்கும் பழக்கம் அதில் வராது. 1929-லேயே ஹாரல்ட் ஹோட்டலிங் என்பவர், இரண்டு வியாபாரிகள் ஒரே பாதையில் கடை போட்டால் ஒருவர் வாடிக்கையை ஒருவர் பிடிக்க நகர்ந்து நகர்ந்து கடைசியில் நடுவில் ஒட்டி நிற்பார்கள் என்று கணக்குப் போட்டார். அவர் சொன்னது போட்டி, நீங்கள் சொல்லும் ராத்திரிச் சீட்டு கூட்டு. அது அவர் கணக்கில் இல்லை. அந்தச் சீட்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று தனியாகச் சொல்ல முடியுமா? என் பேத்திக்குக் காட்ட வேண்டும்.


கும்பகோணத்தான்:

சின்னதாக ஒன்று. வங்கித் தலைமையகம் என்றால் மும்பை, சென்னை என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். சிட்டி யூனியன் வங்கி 1904-ல் கும்பகோணம் வங்கியாக ஆரம்பித்தது, தலைமையகம் இன்றும் எங்கள் ஊர்தான். கரூர் வைசியா 1916-ல் கரூரில். தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல். டெல்டாவில் அறுப்புக்கு அறுப்பு நெல்லுக்குப் பணம் வேண்டும், கரூரில் ஜவுளிக்கு, தூத்துக்குடியில் துறைமுக வியாபாரத்துக்கு. கடன் கேட்பவருடைய அப்பா யார், போன வருஷம் எப்படிக் கட்டினார் என்று தெரிந்தவர் அந்த ஊரில்தான் இருப்பார். அப்போதைய வங்கிக்கு மூலப்பொருள் அந்தத் தகவல்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகு எந்த ஊரிலிருந்தும் நடத்தலாம் என்பதால் பெரிய நகரத்துக்கு ஓட வேண்டிய கட்டாயமும் போய்விட்டது என்பது என் எண்ணம்.

சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் என் மகன் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறான். கம்ப்யூட்டர் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்கிறார்களே, பிறகு 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து சிறுசேரி வரைக்கும் எல்லோரும் ஒரே சாலையில் ஏன் நெருக்கியடிக்கிறோம் என்கிறான். 2002-ல் சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் கேபிள் சென்னையில் ஏறியது ஒரு காரணம், ஆனால் கேபிளைவிட வேலை மாற நினைத்தால் வீடு மாறாமல் அடுத்த கட்டடத்துக்குப் போகலாம் என்பதுதான் பெரிய காரணம் என்பது அவன் கட்சி.


செம்பருத்தி:

அனைவருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எல்லாப் பதிலையும் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். போர்வண்டி அண்ணாவின் ராத்திரிப் போனை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் லாட்ஜ் அண்ணாவின் பதிலைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாத்தியார் ஐயா சொன்னபடி ஆளுக்கு ஒரு கடை என்று பிரித்துக் குண்டூசியும் நூலும் கொடுத்து அனுப்பினேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, சார்பதிவாளர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடை, பல் டாக்டர், நகைக்கடை, ஒரு தையல் மெஷின் ரிப்பேர்க்காரர். நகைக்கடை நூல்தான் நீளமாக இருக்கும் என்று நானே நினைத்திருந்தேன். அது பேரணாம்பட்டைத் தாண்டவில்லை. ஜெராக்ஸ் கடை நூல்கள் எல்லாம் தாலுகா எல்லையோடு வெட்டியது மாதிரி நின்றுவிட்டன, ஏன் என்று கேட்காமலேயே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக வந்தவன் தையல் மெஷின் பையன். கெஜ நூல் பத்தவில்லை மிஸ் என்று நின்றான். பலமநேர், வி.கோட்டா என்று ஆந்திரா பக்கத்திலிருந்தெல்லாம் பஸ்ஸில் மெஷின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்து வருகிறார்களாம். நான் மேப்பைத் தமிழ்நாட்டு எல்லையோடு மடித்து ஒட்டியிருந்தேன், மடிப்பைப் பிரித்துத்தான் குண்டூசி குத்த வேண்டியதாயிற்று. அந்த ரிப்பேர்க்காரர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு ஸ்டூல், எண்ணெய்க் குப்பி. பெல்ட்டையும் ஊசியையும் எங்கே வாங்குகிறீர்கள் என்று பையன் கேட்டிருக்கிறான், சென்னைக்குப் போவேன் என்றாராம். அந்தப் பக்கமும் ஒரு நூல் கட்ட வேண்டும் என்று நாளைக்கு நூல்கண்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள்.